பூச்சும் பேணலும்: தமிழகக் கவரிங் நகைகளின் சமூக வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழக அணிகலன் வரலாறு பெரும்பாலும் பொன்னின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எளிய விலையில் கிடைத்த அணிகள், குறிப்பாகக் கவரிங் நகைகள், 'போலி' என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கப்பட்டு ஆய்வின் விளிம்பில் நிற்கின்றன. கவரிங் நகையின் மதிப்பை அதன் உலோக எடையைக் கொண்டு அளக்க இயலாது என்பதும், அது எத்தனை காலம் அணியத்தக்கதாக இருக்கிறது என்பதே அதன் மதிப்பு என்பதும், அக்காலத்தை நீட்டிப்பது பெண்களின் அன்றாடப் பேணுதல் அறிவே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: கவரிங் நகை, முலாம், அணிகலன் தடை, தங்கக் கட்டுப்பாடு, அடகு, பேணுதல்

முன்னுரை

செம்பு அல்லது பித்தளையால் செய்து, மேலே மெல்லிய தங்கப் பூச்சு இடப்பட்ட நகையைத் தமிழர் 'கவரிங்' என்கின்றனர். ஆங்கிலத்திலிருந்து வந்த இச்சொல் இன்று முழுத் தமிழ்ச் சொல்லாகவே வழங்குகிறது. இதற்கு முன் 'கில்ட்டு நகை', 'ரோல்டு கோல்டு' ஆகிய பெயர்கள் வழக்கில் இருந்தன. உருது வழி வந்த 'முலாம்' அவற்றினும் பழையது. இப்பெயர்கள் அனைத்தும் பூச்சையே சுட்டுகின்றன. உள்ளிருக்கும் செம்பைச் சுட்டும் பெயர் ஒன்றுகூட நிலைக்கவில்லை. பேச்சுவழக்கில் நம்பகமற்ற மனிதரையும் பொருளையும் 'கவரிங்' என்று ஏளனம் செய்வதுண்டு. ஆய்வுலகமும் இந்த ஏளனத்தை ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டது என்றே தோன்றுகிறது. கோயில் நகைகள், அரச கொடைகள், சீதனப் பொன் ஆகியவை பற்றிப் பல நூல்கள் உள்ளன. கழுத்தில் கவரிங் சங்கிலியுடன் வயலுக்கும் ஆலைக்கும் அலுவலகத்திற்கும் சென்ற பெண்களின் அணிகலனுக்கு அந்நூல்களில் இடமில்லை.

எடையால் அறியப்பட்ட அணி

ஆவணங்களில் பொன்னே மிகுதியாக இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இறைவனுக்கு அளிக்கப்பட்ட நகைகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் அளவுகளில் துல்லியமாகப் பதிவு செய்கின்றன. பதித்த கற்களும் முத்துகளும் எண்ணப்பட்டுள்ளன. இங்கே கவனிக்க வேண்டியது, நகையினுள் இருந்த அரக்கும் கணக்கில் வருகிறது என்பதாகும். அரக்கைச் சேர்த்து நிறுத்தனரா, நீக்கி நிறுத்தனரா என்பதைக் கல்வெட்டு எழுதியோர் மறைக்கவில்லை. மன்னனின் கொடையாகிய பொன்னணியின் உள்ளேயும் மலிவான பொருள் இருந்தது. அது ஏமாற்று என்று எவரும் கருதவில்லை. தென்மாவட்ட மூதாட்டியர் காதில் அணிந்த பாம்படமும் பொன் தகட்டினுள் அரக்கு நிரப்பிச் செய்யப்பட்டதே. பெரிய அணியைச் சிறிதளவு பொன்னில் ஆக்கும் வழியாக அது பயன்பட்டது. தகட்டின் கனத்தைக் குறைத்துக்கொண்டே சென்றால் அதன் எல்லையில் நிற்பது கவரிங். இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு அளவில் உள்ளது. நேர்மை, நேர்மையின்மை என்னும் வகைப்பாட்டை அங்கே பொருத்த இயலாது.

பொன்னல்லாத அணிகளின் தொன்மை தனி ஆய்வுக்குரியது. சங்கை அறுத்து வளையல் செய்த தொழில் அகநானூறு 24ஆம் பாடலிலும் மதுரைக்காஞ்சியிலும் குறிப்பிடப்படுகிறது. கொற்கை அகழாய்வில் சங்கு அறுப்புக் கழிவுகளும், அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகளும் கிடைத்துள்ளன. இவற்றின் விலை அன்று எவ்வாறு இருப்பினும், இவை தமக்கே உரிய உருவும் பெயரும் கொண்டிருந்தன. சங்கு வளை பொன்வளையாகத் தோன்ற முயலவில்லை. பொன்னின் தோற்றத்தையே வேண்டி நிற்கும் எளிய அணி, அதாவது கவரிங், வேறொரு சமூகச் சூழலின் விளைவாகும்.

அணியக் கூடாது என்ற கட்டளை

அச்சூழலை விலை ஒன்றைக் கொண்டு விளக்கிவிட முடியாது. பொன் வாங்க வசதியிருந்தும் அணியும் உரிமை மறுக்கப்பட்டோர் இருந்தனர். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். அவர்கள் பொன், வெள்ளி நகைகளை அணியலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஜே. எச். ஹட்டன் சாதி பற்றிய தம் நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். இத்தகைய தடை உலோகத்தை மட்டும் காவல் செய்வதில்லை. பொன் மின்னும் கழுத்து எவருடையதாக இருக்கலாம் என்னும் காட்சியையும் காவல் செய்கிறது.

இதன் மறுபக்கத்தைத் திருவிதாங்கூரில் காணலாம். அங்குப் புலையர் பெண்கள் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலைகளை அணிந்தே ஆக வேண்டும் என்பது சாதி வழக்கமாக இருந்தது. 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் எழுந்த கிளர்ச்சியையும், அதன் தொடர்ச்சியாக அய்யன்காளியின் முன்னிலையில் கொல்லத்தில் பெண்கள் அம்மாலைகளை அறுத்தெறிந்ததையும் 'கல்லுமாலைப் போராட்டம்' என்று வரலாறு குறிப்பிடுகிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரின் பகுதி என்பதால் இது தமிழக வரலாற்றிற்கு அயலான செய்தி அன்று. ஓரிடத்தில் பொன் தடுக்கப்பட்டது. மற்றோரிடத்தில் மலிவான மணி திணிக்கப்பட்டது. மலிவான அணி என்பது எப்போதும் எளியோரின் விருப்பத் தேர்வு என்று எழுதும் அழகியல் நோக்கு இவ்விரண்டையும் எதிர்கொள்ளத் தவறுகிறது. பொன்னைப் போலவே தோன்றும் ஓர் அணியைக் கடையில் சில ரூபாய்க்கு எவரும் வாங்கி அணியலாம் என்னும் நிலையை இப்பின்னணியில் வைத்துப் பார்த்தால், 'போலி' என்ற வசையில் ஒலிக்கும் எரிச்சல் யாருடையது என்ற வினா எழுகிறது.

முலாமும் மின்முலாமும்

பழைய முலாம் முறையில் பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் குழம்பாக்கி, செம்பின்மீது அல்லது வெள்ளியின்மீது பூசி, சூடேற்றுவர். பாதரசம் ஆவியாகிவிடப் பொன் படிந்து நிற்கும். பூச்சு தடிப்பாக அமைந்தது, நெடுநாள் நின்றது. அந்த ஆவி தொழிலாளியின் உடலை அழித்தது. 1840இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். பொன் உப்புக் கரைசலில் மின்னோட்டத்தைச் செலுத்திப் பூசும் இம்முறையில் பூச்சின் தடிப்பை விரும்பிய அளவிற்குக் குறைக்க முடிந்தது. எளிய விலையும் குறுகிய ஆயுளும் இவ்வாறு ஒருங்கே பிறந்தன. ரோல்டு கோல்டு இவற்றிலிருந்து வேறானது. அதில் பொன் தகட்டைக் கீழ் உலோகத்துடன் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிணைத்து உருளைகளுக்கிடையே செலுத்தி மெலிதாக்குவர். ஆந்திரத்தின் மசூலிப்பட்டினத்தை அடுத்த சிலகலபூடியும் தமிழகத்தின் சிதம்பரமும் பூச்சு நகைக்குப் பெயர் பெற்றன. 'சிதம்பரம் கவரிங்' என்ற பெயர்ப்பலகையை அவ்வூருக்குத் தொடர்பற்ற நகரங்களிலும் காணலாம். ஊர்ப்பெயரே தரச் சான்றாக மாறியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

'ஒரு கிராம் தங்க நகை' என்னும் வணிகப் பெயரைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பொன்னின் அடர்த்தி கன செ.மீ.க்கு 19.3 கிராம். அரை மைக்ரான் தடிப்பில் பூசினால் ஒரு கிராம் பொன் ஏறத்தாழ 1,000 சதுர செ.மீ. பரப்பை மூடும். ஒரு கம்மலின் பரப்பு அதில் மிகச் சிறு பகுதியே. இப்பெயரை எடைக் கணக்காகக் கொள்வோர் ஏமாறுவர். பொன் நகைக்கு முத்திரைச் சான்று உண்டு. அது 2021இல் கட்டாயமாக்கப்படத் தொடங்கியது. பூச்சு நகை வாங்கும் பெண்ணுக்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்லும், மாதக்கணக்கில் தரப்படும் உத்தரவாதமுமே சான்று. பொன் காரட்டால் விற்கப்படும் அதே தெருவில் கவரிங் மாதங்களால் விற்கப்படுகிறது.

14 காரட் தந்த பாடம்

சீனப் போரை அடுத்த நெருக்கடியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட பொன்னில் புதிய நகை செய்வது தடை செய்யப்பட்டது. வழக்கமான 22 காரட் நகையில் நூற்றுக்கு 91.6 பங்கு பொன் என்றால் 14 காரட்டில் 58.3 பங்கே. நாடெங்கும் பொற்கொல்லர் வேலையிழந்தனர், தற்கொலைகளும் நிகழ்ந்தன. 14 காரட் வரம்பு 1966இல் நீக்கப்பட்டது. 1968இல் தனிச் சட்டமாக உருப்பெற்ற தங்கக் கட்டுப்பாடு 1990இல் முற்றிலும் கைவிடப்பட்டது.

பொற்கொல்லரின் துயரம் பேசப்பட்ட அளவிற்கு இவ்விதியில் பொதிந்திருந்த அணிகலன் கோட்பாடு பேசப்படவில்லை. பெண்களுக்கு வேண்டியது பொன்னின் தோற்றமே, அதில் பொன் குறைந்தாலும் ஏற்பர் என்று அரசு கருதியது. ஆனால் குடும்பங்கள் நகையை இருவேறு தேவைகளுக்காக வைத்திருந்தன. ஒன்று சேமிப்பு; அதற்கு 22 காரட் வேண்டும். மற்றொன்று அணிதல், அதற்குப் பூச்சு போதும். 14 காரட் நகை முதல் தேவைக்குக் குறைவானது, இரண்டாம் தேவைக்கு விலை மிகுந்தது. அரசு காணத் தவறிய இப்பிரிவினையைக் கவரிங் கடை முன்பே அறிந்திருந்தது. பின்னர் 1970இல் 10 கிராம் ஏறத்தாழ 184 ரூபாயாக இருந்த பொன் 1980இல் 1,330 ரூபாயை எட்டியபோது இப்பிரிவினை நடுத்தரக் குடும்பங்களிலும் ஆழமாயிற்று.

அடகுக் கடையும் கவரிங் கடையும்

கவரிங் பொன்னுக்குப் பகை என்று கருதுவது பிழை. விதைப்புக்கோ கல்விக் கட்டணத்திற்கோ மருத்துவத்திற்கோ சங்கிலி அடகுக்குச் செல்லும்போது, அதே அமைப்பில் ஒரு கவரிங் சங்கிலி கழுத்திற்கு வருகிறது. வெறுங்கழுத்து குடும்பத்தின் கடனை ஊருக்கு அறிவித்துவிடும். திருமணமான பெண்ணுக்கு அது அமங்கலமாகவும் பேசப்படும். கவரிங் சங்கிலி அந்த அறிவிப்பைத் தடுக்கிறது. நகை மீளும்வரை, சில வேளைகளில் மூழ்கிய பின்னும், அதுவே கழுத்தில் இருக்கும். பொன் தாலியைக் கவரிங் சங்கிலியில் கோத்து அணிவோரும் பலர். பேருந்து, தொடர்வண்டிப் பயணங்களில் சங்கிலிப் பறிப்புக்கு அஞ்சி, பொன்னை வீட்டில் வைத்துவிட்டுக் கவரிங் அணிந்து செல்வதும் பரவலான வழக்கமே. பொன் மென்மையானது, நாள்தோறும் அணிந்தால் தேயும். அத்தேய்மானத்தையும் கவரிங் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. பொன்னின் ஆயுளை நீட்டிப்பதில் கவரிங்குக்கு உள்ள இப்பங்கு எந்த அடகுச் சீட்டிலும் பதிவாவதில்லை.

பேணும் அறிவு

பூச்சு எங்கே முதலில் போகும் என்பதைப் பெண்கள் நன்கறிவர்: மோதிரத்தின் உட்புறம், வளையலின் ஓரங்கள், சங்கிலியின் பிடரிப் பகுதி, கொக்கி. உராய்வும் வியர்வையும் கூடும் இடங்கள் இவை. மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே வியர்வையின் உப்பு செம்பை அடைகிறது. செம்பும் மெல்ல மேலேறிக் காற்றிலுள்ள கந்தகத்துடன் கூடிக் கருக்கிறது. இடையே நிக்கல் அடுக்கு இருப்பின் இந்நிகழ்வு தாமதமாகும்.

இந்த வேதியியலைப் பாடமாகக் கல்லாமலே அதற்கு ஏற்ற நடைமுறைகள் வீடுகளில் உருவாகியுள்ளன. குளிக்குமுன் கழற்றுதல், மஞ்சளும் சோப்பும் படாமல் காத்தல், சென்ட் பூசி உலர்ந்த பிறகே அணிதல், கழற்றியதும் மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தல், பஞ்சில் பொதிந்து காற்றுப் புகாத உறையில் இடுதல், ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியே வைத்தல் ஆகியன அவை. பொன் நகையைப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுவது பழைய வழக்கம். அதே தேய்ப்பு கவரிங்கின் பூச்சைக் கொண்டுபோய்விடும். ஆகவே பாட்டி சொன்ன முறையைப் பெயர்த்தி கைவிட வேண்டியிருந்தது. இங்கே மரபறிவு தலைமுறை தாண்டி அப்படியே வந்துசேரவில்லை, புதிய பொருளுக்கென்று புதிதாக ஆக்கப்பட்டது. மோதிரத்தின் உட்புறத்திலும் கம்மலின் தண்டிலும் நிறமற்ற நகப்பூச்சைத் தடவும் உத்தி அவ்வாறு ஆக்கப்பட்டவற்றுள் ஒன்று. உலோகத்திற்கும் தோலுக்கும் இடையே அது ஒரு தற்காலிகத் திரை. தேய்ந்ததும் மீண்டும் தடவ வேண்டும். நிக்கல் ஒவ்வாமையால் காது புண்ணாவோருக்கும் இதுவே கைமருந்து. தண்டும் திருகாணியும் மட்டும் பொன்னால் செய்து, முகப்பைக் கவரிங்காக வைத்துக்கொள்வோரும் உண்டு. நகையில் பொன் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் காண்போர் கண்ணை விடுத்து அணிவோர் உடலே தீர்மானிக்கும் அரிய இடம் இது.

பூச்சு போன நகைக்கு மறுமுலாம் உண்டு. பட்டறையில் கருமையை நீக்கி, மெருகிட்டு, மீண்டும் கரைசலில் இடுவர். மெருகிடும்போது ஒவ்வொரு முறையும் கீழ் உலோகம் சிறிது தேயும். கனமான செம்பில் செய்யப்பட்ட பழைய அட்டிகையும் வளையலும் பலமுறை இதைத் தாங்கும். அச்சில் அழுத்திய மெல்லிய தகட்டு நகைகள் ஒருமுறைகூடத் தாங்குவது அரிது. புதிது வாங்கும் விலையும் மறுமுலாம் கூலியும் அவற்றில் நெருங்கி வந்துவிட்டன. எனவே வாங்கும்போதே கையில் வைத்துக் கனம் பார்ப்பதும், கொக்கியைத் திருப்பிப் பற்றவைப்பை நோக்குவதும், 'மறுபடி பாலிஷ் போடலாமா' என்று கடைக்காரரிடம் கேட்பதும் இன்றும் அனுபவமுள்ள பெண்களின் வழக்கமாக இருக்கின்றன.