தடுப்பு நிதியும் இலக்குக் குழுவும்: கோவில்பட்டியை முன்வைத்து
1986இல் மருத்துவ மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் சென்னையில் திரட்டிய பாலியல் தொழிலாளரின் குருதி மாதிரிகளிலேயே எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது. பின்வந்த நிதியுதவியும் அத்தடத்திலேயே சென்றது. 1995இல் அமெரிக்க அரசின் நிதியுடன் சென்னை வி.எச்.எஸ். நிறுவனம் தொடங்கிய ‘அபாக்’ திட்டமும், 2003இல் கேட்ஸ் அறக்கட்டளை தொடங்கிய ‘அவாஹன்’ திட்டமும் பாலியல் தொழிலாளர், லாரி ஓட்டுநர் முதலியோரை இலக்குக் குழுக்களாக வரையறுத்தன. தொற்று மிகுந்த இடத்தில் நிதியைக் குவிப்பது பிழையன்று. எனினும் மதுரை–திருநெல்வேலி நெடுஞ்சாலையில் அமைந்த கோவில்பட்டியை இவ்வரையறைவழி நோக்கின், ஓட்டுநர் தென்படுவார். தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் அவர் மனைவி தென்படார். கணவர்வழித் தொற்றுக்குள்ளான பெண்கள் பலர் அதனை அறிந்தது, கருவுற்றபின் அரசு மருத்துவமனையில் செய்யப்பட்ட குருதிப் பரிசோதனையில்தான்.