வாராதவரை எண்ணிய மருத்துவம்

ஆடித்தபசு நாளில் நம் சங்கரன்கோவிலில் தண்ணீர்ப்பந்தல் வைப்போரும் அன்னமளிப்போரும் பலர். பொழுது சாய்ந்தபின், இத்தனை பேர் உண்டனர் எனக் கணக்கிட்டு மகிழ்தல் வழக்கம். நடக்கமாட்டாமையால் வீட்டிலேயே கிடந்து பசித்தவர் எத்தனை பேர் என எண்ணுவார் அரியர். அறச்செயல்களில் இயல்பாக நேரும் இக்குறையை, மருத்துவத்துறையில் ஒரு பெரியாரும் அவர் நிறுவிய நிலையமும் கண்டறிந்த வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அப்பெரியார் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. நமக்குக் கீழ்த்திசையில், எட்டயபுரத்திற்கு அணித்தான வடமலாபுரத்தில், உழவர் குடியில் 1918-ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் உறவுமகளிர் மூவர் கருவுற்ற நிலையில் மாண்டதைக் கண்டு, மகப்பேற்று மருத்துவராதல் வேண்டும் என உறுதி பூண்டார். சென்னை ஸ்டான்லி கல்லூரியில் 1944-இல் மருத்துவப் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் படையிற் பணி புரிந்தார். அப்பொழுது கொடிய முடக்குவாதம் அவரைப் பற்றியது. விரல்கள் கோணின, எழுதுகோலைப் பிடிப்பதும் அரிதாயிற்று. 1948-இல் படையினின்று நீங்கினார். மகப்பேற்று மருத்துவம் கைகூடாதெனக் கண்டு கண்மருத்துவத்தை நாடி, 1951-இல் அதற்குரிய பட்டயமும் பெற்றார். கோணிய விரல்களையே கத்தி பிடிக்கப் பழக்கினார். அவ்விரல்கள் பின்னாளில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட அறுவைகளைச் செய்தன.

1956-இல் மதுரைச் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் கண்பகுதித் தலைவரானார். கண்ணிழந்த ஏழைகளுள் மிகப் பலர்க்கு வந்தது கண்புரையே. சிறியதோர் அறுவையால் அது நீங்கும். ஆயினும் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திலர். வழிச்செலவும், உடன்வருவாரின் கூலி நட்டமும், அச்சமும் வழியை அடைத்து நின்றன. நோய் கண்ணில் மட்டும் இல்லை, சிற்றூர்க்கும் ஆஸ்பத்திரிக்கும் இடைப்பட்ட வழியிலும் உளது என்பதை உணர்ந்த அவர், 1960-களில் ஊர்தோறும் கண்சிகிச்சை முகாம்கள் நடத்தலானார்.

1976-இல் தமது ஐம்பத்தெட்டாம் வயதில் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றார். அவ்வாண்டே உடன்பிறந்தார் துணையுடன் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பொருளுடையார் கட்டணம் தருவர், இல்லாதார்க்கு இலவசம். அந்நாளில் கண்ணுள் வைக்கும் செயற்கை வில்லை அயல்நாட்டினின்று வரவேண்டியிருந்தது. விலை நூறு டாலரை ஒட்டியது. ஏழைக்குத் தடித்த கண்ணாடியே கதி என்றிருந்த நிலையை மாற்ற, 1992-இல் ஆரோலேப் என்னும் தொழிற்சாலை நிறுவப்பட்டது. வில்லையின் விலை பத்து டாலரளவிற்கு இறங்கியது.

இம்மட்டில் நின்றிருப்பின் அது சிறந்த தருமம் என்ற அளவில் முடிந்திருக்கும். அந்நிலையத்தார் மேலும் ஒரு வினாவை எழுப்பினர்: இலவசமென்று பறை சாற்றியும் வாராதவர் யார்? 1991-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், சிற்றூர்களை வகுத்துக்கொண்டு வெவ்வேறு முறைகளைச் சோதித்தனர். அறுவையை மட்டும் இலவசமாக்குதலினும், உணவும் வழிச்செலவும் சேர்த்தளித்தல் மிகு பயன் தந்தது. முன்னரே அறுவை செய்துகொண்ட ஒருவர் வீடுவீடாகச் சென்று சொல்லுதலும் பயன்பட்டது. 1999-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, முகாம் நடந்த ஊர்களில் கண்ணிற் குறையுடையாருள் நூற்றுக்கு 7 பேரளவினரே முகாமிற்கு வந்தனர் எனக் காட்டியது. அச்சம், செலவு, குடும்பப் பொறுப்பு, "வயதானவர்க்கு இனிக் கண் எதற்கு?" என்னும் எண்ணம் ஆகியன ஏனையோரைத் தடுத்தன. தம் உழைப்பின் குறையைத் தாமே அளந்து உலகறிய வெளியிடுதல் எளிதன்று.

1995 முதல் 1997 வரை, மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய மூன்று ஜில்லாக்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரின் கண்களைச் சோதித்தனர். நம் சங்கரன்கோவிலும் அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்ததே. கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் கண்டவருள் பெரும்பாலோர் அதற்குமுன் தம் நோயை அறியாதவரே. முகாம் ஆண்டிற்கு ஒருநாள் வந்து போவது போதாது, ஊருக்கு அருகிலேயே நிலையான இடம் வேண்டும் என்பது தெளிவாயிற்று. 2004 முதல் சிற்றூர்ப் புறங்களில் கண்பார்வை நிலையங்கள் திறக்கப்பட்டன. அங்குள்ளார் சோதிப்பதைத் தொலைவிலிருந்தே மருத்துவர் கண்டு அறிவுரை கூறுவர். டாக்டர் வெங்கடசாமி 2006-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? கைம்மை நோற்கும் பாட்டி, கூலிவேலையை விடமுடியாத மகன், மருமகளின் துணையின்றி வாயில் கடக்கமாட்டாத கிழவர் ஆகியோர் எத்தெருவிலும் உளர். நம் சங்கத்தார் கண்முகாம் ஒன்றிற்கு உதவுங்கால், வந்தவர் பெயரைப் பதிவதோடு நில்லாது, தெருத்தெருவாகச் சென்று வாராதவர் பெயரையும் எழுதுதல் வேண்டும். வழிச்செலவிற்கும் துணைக்கும் ஏற்பாடு செய்தல் வேண்டும். பார்வை பெற்ற ஒருவரையே முன்னே அனுப்புதல் நன்று. அன்பர்காள்! தருமத்தின் அளவு நாம் கொடுத்ததில் இல்லை. கொள்ள வேண்டியவர் கையில் அது சேர்ந்ததில் உளது.