நாலு ரோஜாவும் ஒரு கெட்ட பேரும்

ஒரு பேரு கெட்டுப்போகணும்னா சரக்கு கெட்டுப்போகணும்னு அவசியமே இல்லை மக்களே. சரக்கு பீப்பாய்க்குள்ள ஜம்முனு இருக்கும், பேரு மட்டும் தெருவுக்கு வந்துடும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் தயாராகும் 'ஃபோர் ரோஸஸ்' போர்பன் விஸ்கிக்கு நடந்தது இதுதான்.

முதல்ல கொஞ்சம் பாடம். போர்பன்னு பாட்டில்ல போடணும்னா தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்கணும். உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் மரக் கலனில்தான் வைக்கணும். 'ஸ்ட்ரெய்ட்' போர்பன்னா குறைஞ்சது 2 வருஷம் ஊறணும். கலரோ எசென்ஸோ எதுவும் சேர்க்கக் கூடாது. ஆனா அங்கேயே 'ப்ளென்டட் விஸ்கி'ன்னு இன்னொரு ஜாதி இருக்கு. அதில் ஸ்ட்ரெய்ட் விஸ்கி 20 சதவீதம் இருந்தா போதும். மிச்சத்தை ருசியோ மணமோ இல்லாத வெறும் ஸ்பிரிட்டை ஊத்தி நிரப்பிடலாம். இந்த ரெண்டையும் ஞாபகம் வச்சுக்குங்க, கதையே இதில்தான் இருக்கு.

ஃபோர் ரோஸஸ் பேரை பால் ஜோன்ஸ் என்ற வியாபாரி 1888ல் பதிவு செய்தார். 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அப்போ மருந்துக்குன்னு விஸ்கி விற்க லைசென்ஸ் வாங்கிய மிகச் சில கம்பெனிகளில் இதுவும் ஒண்ணு, அதனால தாக்குப்பிடிச்சது. மதுவிலக்கு முடிஞ்சதும் விற்பனையில் முன்வரிசைக்கு வந்துடுச்சு. 1943ல் கனடாவின் சீகிராம் கம்பெனி வாங்கியது.

இங்கேதான் சனி பிடிச்சது. சீகிராமுக்கு ப்ளென்டட் விஸ்கியில்தான் நம்பிக்கை. 1950களின் கடைசியில் ஃபோர் ரோஸஸ் போர்பனை அமெரிக்கக் கடைகளிலிருந்து எடுத்துட்டாங்க. அசல் போர்பன் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் கப்பலேறியது. உள்ளூரில் அதே பேரில், அதே ரோஜாப் படத்தோட மலிவான ப்ளென்டட் சரக்கு!

யோசிச்சுப் பாருங்க. லாரன்ஸ்பர்க் ஊர் ஆலையில் நல்ல போர்பனை வடிச்ச தொழிலாளி, தன் ஊர்க் கடையில் அதே பேரைப் பார்த்தா அது வேற சரக்கு. ஜப்பான்காரர் ரசிச்சுக் குடிக்கிறார். கென்டக்கிக்காரர் பேரைக் கேட்டாலே மூஞ்சியைச் சுளிக்கிறார். ரெண்டு பேர் சொன்னதும் நிஜம்தான்!

இதில் வேடிக்கை என்னன்னா, பேரைக் கெடுத்த சீகிராமேதான் தரத்தையும் காப்பாத்தி வச்சிருந்தது. 2 வகை தானியக் கலவை, 5 வகை ஈஸ்ட், ஆக மொத்தம் 10 விதமான போர்பன். ஃபோர் ரோஸஸின் தனி அடையாளமான இந்த முறை சீகிராம் விட்டுப்போன சொத்துதான்.

1966ல் சீகிராமில் சேர்ந்து, 1990களில் ஆலையின் தலைமை வடிப்பாளரான ஜிம் ரட்லெட்ஜ், போர்பனை சொந்த நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரணும்னு பல வருஷம் போராடினார். சீகிராம் உடைஞ்சு சிதறியபின் 2002ல் ஜப்பானின் கிரின் கம்பெனி ஃபோர் ரோஸஸை வாங்கியது. ப்ளென்டட் சரக்கை நிறுத்திட்டு, போர்பனை மறுபடி அமெரிக்கக் கடைகளில் வச்சாங்க. 2004ல் 'சிங்கிள் பேரல்', 2006ல் 'ஸ்மால் பேட்ச்' வந்தது. சொந்த ஊர் ருசியை ஊருக்கே திருப்பிக் கொடுக்க ஒரு ஜப்பான் கம்பெனி வரவேண்டியிருந்தது.

பீப்பாய்க்குள்ள விஸ்கி முதிர அஞ்சாறு வருஷம் போதும். கெட்ட பேரு ஆற நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அடுத்தவாட்டி 'அது மட்டமான பிராண்டுப்பா'ன்னு யாராவது சொன்னா, எந்த ஊர்ல, எந்த வருஷத்துலன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

டிஸ்கி: இது சரித்திரப் பதிவு மட்டுமே. குடி குடியைக் கெடுக்கும் :-)