காற்றுக்குக் கீழே ஒரு புயல்

பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடத்தில் எனக்கு மனப்பாடமாகிப் போன ஒரு விஷயம்: நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், ஆகவே நமக்குப் புயல் வராது. பிலிப்பைன்ஸுக்கு வரும், வியட்நாமுக்கு வரும், நாகப்பட்டினத்துக்கு வரும். மலேசியாவுக்கு மழையும் வெள்ளமும்தான்.

2001 டிசம்பர் 27 மாலை நாலரை மணியளவில் இந்தப் பாடம் பொய்த்தது. வாமெய் என்ற புயல் ஜொகூரின் தென்கிழக்கில், சிங்கப்பூருக்கு வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் கரையேறியது. அது உருவான இடம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகை வடக்கே. அதுவரை பதிவான வெப்பமண்டலப் புயல்களில் எதுவும் நிலநடுக்கோட்டை அவ்வளவு நெருங்கி உருவானதில்லை.

புயல் ரொம்பச் சின்னது. அதன் பலம் எவ்வளவு என்பதில்கூட ஒருமித்த கருத்து இல்லை. அருகில் இருந்த கப்பல்களின் பதிவுகளை வைத்து, மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் காற்று என்று கணக்கிட்டு, அமெரிக்கக் கடற்படையின் எச்சரிக்கை மையம் அதை ‘டைபூன்’ வகையில் சேர்த்தது. பத்து நிமிடச் சராசரியை அளவாகக் கொள்ளும் ஜப்பான் வானிலை நிறுவனம் 85 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டது. தரையில் இருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. பெய்த மழையில் குனோங் பூலாய் மலையடிவாரத்தில் மண் சரிந்து வீடுகளை அடித்துக்கொண்டு போனது. ஐந்து பேர் இறந்தார்கள்.

உலக வானிலை ஆய்வாளர்கள் இன்னமும் பேசும் இந்தப் புயல் ஜொகூர்க்காரர்கள் நினைவில் எங்கே இருக்கிறது? கோத்தா திங்கி பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியப்பாவிடம் கேட்டேன். “வாமெய்யா? அப்படி யாரையும் தெரியாதேப்பா” என்றார். தேதியைச் சொன்னதும், “ஓ, கிறிஸ்மஸுக்கு அப்புறம் ஊத்துச்சே, அதுவா? மரம் வெட்ட முடியல, நாலஞ்சு நாள் சம்பளம் போச்சு” என்றார். தோட்டத்தில் மழையை அளந்த கணக்கு அதுதான்: எத்தனை நாள் வேலை போனது என்று. எந்தக் காற்று அதைக் கொண்டுவந்தது என்பதற்குச் சம்பளச் சீட்டில் இடம் இல்லை. ஐந்து வருடம் கழித்து, 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து இரண்டு முறை மூழ்கியது. அதன்பிறகு ஜொகூரில் ‘பெரிய வெள்ளம்’ என்றால் அது மட்டும்தான். வாமெய் அதற்கு அடியில் போய்விட்டது.

மறந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். இந்தத் தீவுக்கூட்டத்துக்கு மலாயில் ‘நெகெரி டி பாவா ஆங்ஙின்’ என்ற பழைய பெயர் உண்டு. காற்றுக்குக் கீழே உள்ள நாடுகள் என்று அர்த்தம். பருவக்காற்றில் பாய்மரம் விரித்து வந்த வணிகர்களின் வழக்கு அது. காற்று எந்தத் திசையில் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் இருக்கும் நாடு என்பதே பொருள். பிற்காலத்தில் அந்தப் பெயருக்கு வேறு விளக்கம் ஒட்டிக்கொண்டது. டைபூன் வீசும் பாதைக்குக் கீழே, பத்திரமாக இருக்கும் நாடு என்றார்கள். சபாவுக்கு இன்றைக்கும் சுற்றுலா விளம்பரங்களில் இந்த அர்த்தம்தான். அதே சபாவில் 1996 டிசம்பர் 26 அன்று கிரேக் என்ற புயல் புகுந்தது. கெனிங்காவ் வட்டாரத்தில் ஆறு பெருகி, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். வாமெய்க்குச் சரியாக ஐந்து வருடம் முன்பு.

சரி, பாடப்புத்தகம் சொன்னது முழுக்கப் பொய்யா? இல்லை. காற்று சுழல வேண்டுமென்றால் பூமியின் சுழற்சி அதைத் திருப்பிவிட வேண்டும். கொரியோலிஸ் விளைவு என்பது இதுதான். நிலநடுக்கோட்டில் அது பூஜ்யம். தள்ளிப் போகப் போகக் கூடும். வாமெய் உருவான இடத்தில் கிடைப்பது, சென்னையில் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான். அப்படியானால் மீதிச் சுழற்சி எங்கிருந்து வந்தது?

வாடையிலிருந்து வந்தது. ‘நெடுநல்வாடை’யைத் தலைப்பாகவாவது தெரிந்தவர்களுக்கு இந்த வடகாற்று புதிதல்ல. குளிர்காலத்தில் சைபீரியா, சீனா பக்கம் தேங்கும் குளிர்ந்த காற்று அவ்வப்போது அலையாகத் தென்சீனக் கடலில் பாயும். 2001 டிசம்பரில் அந்தப் பாய்ச்சல் ஏறக்குறைய ஒரு வாரம் விடாமல் நீடித்தது. அதே நேரத்தில், போர்னியோ கரையோரம் வழக்கமாகச் சுற்றும் ஒரு காற்றுச் சுழல் நகர்ந்து நடுக்கடலுக்கு வந்துவிட்டது. ஆற்று வளைவில் வேகமாக ஓடும் தண்ணீருக்குப் பக்கத்தில் சுழி விழுவதைப் பார்த்திருப்போம். அதுபோல, தீபகற்பத்துக்கும் போர்னியோவுக்கும் நடுவே நெருக்கிப் பாய்ந்த வாடை பக்கத்தில் இருந்த சுழலை முறுக்கிவிட்டது. பூமி தராத சுழற்சியைக் காற்றே கொடுத்தது.

அட்லாண்டிக்கில் ஜூன் மாதத்திலிருந்தே ஆப்பிரிக்கக் கரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அங்கிருந்து வருடத்துக்கு அறுபது வெப்பமண்டல அலைகளாவது கிளம்பும். பெரும்பாலானவை சும்மா கலைந்துபோகும், சில மட்டும் ஹரிக்கேன் ஆகும். அதனால் ஒவ்வொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. நாம் கவனிக்க வேண்டிய திசை வடகிழக்கு, மாதம் டிசம்பர். இங்கும் சுழல்களில் அநேகமாக எல்லாமே ஒன்றுமில்லாமல் போய்விடும். அந்த ‘அநேகமாக’தான் பிரச்சினை.

வாமெய்யை ஆராய்ந்து 2003-இல் சாங் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, இப்படி ஒன்று நடப்பது 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று மதிப்பிட்டது. இதைப் படிப்பவர்கள், ‘அப்பாடா, அடுத்தது நம் பேரப்பிள்ளைகளுக்கு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். பொறியியலில் அதற்கு அர்த்தம் வேறு. நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்றால், ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு. போன வருடம் வந்தது என்பதால் இந்த வருடம் விடுமுறை கிடையாது. ஐம்பது வருடம் நிற்கப்போகிற ஒரு பாலம் தன் ஆயுளில் அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம். நானூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும் சுமார் 12 சதவீதம். வடிகால் போடும்போது இந்த எண்களை வைத்துத்தான் வேலை செய்கிறோம். வீட்டில் பேசும்போது மட்டும் ‘வராது’ என்கிறோம்.

வாமெய் ஜொகூரோடு முடியவில்லை. சுமத்ராவைக் கடந்து அதன் மிச்சம் வங்காள விரிகுடாவில் போய்க் கலைந்தது. அந்தக் கடலின் தென்கோடிக்கும் ஒரு டிசம்பர் வரலாறு உண்டு. 1964-இல் தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய ஒரு தாழ்வுதான் வளர்ந்து, வவுனியா வழியாக இலங்கையைக் கடந்து, டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைத் துடைத்துப் போட்டது. தமிழர் நினைவில் தனுஷ்கோடி நிலைத்திருக்கிறது. சிதைந்த தேவாலயமும் கடலில் போன ரயிலும் அதற்கு அடையாளமாக இருக்கின்றன. வாமெய்க்கு அடையாளம் ஒன்றும் இல்லை. மக்காவ் கொடுத்த அந்தப் பெயர் ஒரு பாட்டுப்பறவையுடையது. அதையும் பிறகு புயல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

2025 நவம்பர் கடைசியில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் என்ற புயல் உருவாகி, சுமத்ராவில் பெரும் உயிர்ச்சேதம் விளைவித்தது. அப்போது இங்கே பலர் கேட்ட முதல் கேள்வி, “இந்தப் பக்கமெல்லாம் புயல் வருமா?” கால் நூற்றாண்டுக்கு முன்பே ஜொகூருக்குக் கிடைத்த பதிலை யாரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

செயற்கைக்கோள் படம் இன்று எல்லோர் கைபேசியிலும் கிடைக்கிறது. டிசம்பரில் தென்சீனக் கடலில் வாடை நாலைந்து நாளாக விடாமல் வீசுகிறதா, சரவாக் கரையோரச் சுழல் கடலுக்கு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு வானிலைப் பட்டம் வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தால் வானிலைத் துறையின் அறிவிப்பைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு படிக்கலாம். மலையடிவாரத்திலோ ஆற்றோரத்திலோ சொந்தக்காரர்கள் இருந்தால், அன்றைக்கு ஒரு போன் போட்டு எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கலாம்.