கருப்பு சிவப்புக் கூடை: அரசியல் பேசக்கூடாத இடங்கள் பற்றி ஒரு குறிப்பு

கொருக்குப்பேட்டையில் எங்க தெரு முனை சலூனில் ரெண்டு போர்டு மாட்டியிருக்கும். ஒன்று ‘கடன் அன்பை முறிக்கும்’. இன்னொன்று ‘இங்கு அரசியல் பேசாதீர்’. ரெண்டாவது போர்டுக்கு நேர் கீழே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்துதான் எல்லாரும் அரசியல் பேசுவார்கள். கடைக்காரரும் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு ரெண்டு வார்த்தை சேர்த்துக்கொள்வார். சண்டை முற்றும்போது மட்டும் விரல் போர்டைக் காட்டும். அந்த போர்டை யார் வைத்தது, எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை. 2024 மார்ச்சில் அந்த போர்டை மாட்டுகிற வேலை என் தலையிலேயே விழுந்தது.

எங்க அக்கா ஒயர் கூடை பின்னுவாங்க. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்சு எல்லாம் கை வந்த கலை. கொஞ்சம் குரோஷாவும் போடுவாங்க. தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அறுபது பேருக்கு மேல் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு. புது டிசைன் போடுவார்கள், ஒயர் எங்கே மலிவு என்று கேட்பார்கள், ஆர்டர் வந்தால் பிரித்துக்கொள்வார்கள். குழுவை ஆரம்பித்துக் கொடுத்தது நான். சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற தம்பி என்றால் அட்மின் வேலையும் அவனுக்குத்தானே.

தேர்தல் நேரம். ஒரு அம்மா கருப்பும் சிவப்புமாகப் பின்னிய கூடை ஒன்றின் படத்தைப் போட்டு விலையும் போட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் இரட்டை இலை வைத்த கூடையைப் போட்டார். மூன்றாவதாக ஒருவர் தாமரைப்பூ குரோஷா விரிப்பு. அதுக்கப்புறம் கூடையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு மூன்று படங்களையும் எல்லாருக்கும் அழிகிற மாதிரி அழித்தேன். ‘இங்கு அரசியல் வேண்டாம்’ என்று ஒரு வரி போட்டேன். நியாயமாக நடந்துகொண்ட திருப்தி எனக்கு. தாமரை போட்டவர், அது பூஜை அறைக்குப் பின்னியது என்று வருத்தப்பட்டார். முதல் கூடை போட்ட அம்மா ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டு விலகிவிட்டார்.

ராத்திரி அக்கா போன் பண்ணாங்க. “நீ இன்னாடா, நாட்டாமையா? அந்தம்மாவுக்கு வளைகாப்புக்கு நாற்பது கூடை ஆர்டர் வந்திருக்கு. அவங்க கட்சிக்காரங்க, அந்தக் கலர் கேட்டாங்க. இதுல இன்னா அரசியல்?”

பதில் சொல்ல முடியவில்லை. இந்த மாதிரி பஞ்சாயத்து வேறு எங்கே நடந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்ததில் வந்தது இந்தக் குறிப்பு.

முதலில் கிடைத்தது ராவெல்ரி. ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கும் குரோஷா போடுகிறவர்களுக்குமாக 2007-இல் அமெரிக்காவில் ஒரு தம்பதி ஆரம்பித்த தளம். 2019 வாக்கில் 80 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்திருந்தார்கள். அந்த வருஷம் ஜூன் 23 அன்று ஓர் அறிவிப்பு: டொனால்ட் டிரம்ப்பையோ அவர் நிர்வாகத்தையோ ஆதரிக்கும் எதையும் இனி இங்கே போடக்கூடாது. பதிவில் மட்டும் இல்லை, பின்னல் பேட்டர்னிலும் கூடாது. எல்லைச் சுவர் கட்டச் சொல்லும் வாசகத்தோடு ஒரு தொப்பிப் பேட்டர்ன் வந்து தகராறு ஆனதற்குப் பின் வந்த அறிவிப்பு இது. விதியின் வாசகத்தை 2018-இல் இதே மாதிரி முடிவெடுத்த ஆர்.பி.ஜி. நெட் என்ற விளையாட்டுத் தளத்திடமிருந்து எடுத்திருந்தார்கள்.

பலரும் கேட்ட கேள்வி, ‘நூல் பின்னுகிற இடத்தில் அரசியல் எதுக்கு?’ ஆனால் 2017 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற மறுநாள் நடந்த பெண்கள் ஊர்வலத்தில் தலை தலையாகத் தெரிந்த ரோஸ் கலர்த் தொப்பிகளும் பின்னியவைதான். அவற்றின் பேட்டர்னும் இதே தளத்தில் இலவசமாகக் கிடைத்தது. அரசியல் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தது. அறிவிப்பில் என் கண்ணில் பட்ட விஷயம் வேறு. குடியரசுக் கட்சிக்காரர்களுக்குத் தடை இல்லை, யாரையும் வம்புக்கு இழுத்து மாட்டிவிடக் கூடாது, விலக்கப்பட்டவர்களும் தாங்கள் வாங்கி வைத்த பேட்டர்ன்களை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். பேச்சைப் பறித்தாலும் பொருளைப் பறிக்கவில்லை. இதை மனசில் வையுங்கள், திரும்பவும் வருவோம்.

இதற்கு ஆறு மாதம் முந்தைய சண்டை நம்ம நாட்டைப் பற்றியது என்பது எனக்குப் புதுச் செய்தி. 2019 ஜனவரியில் பின்னல் உலகில் பெயர்பெற்ற ஓர் அமெரிக்கப் பெண்மணி, தான் இந்தியா போகப்போவதாக எழுதினார். செவ்வாய்க் கிரகத்துக்கு டிக்கெட் கிடைத்த மாதிரி ஒரு பூரிப்பு அதில். நாங்கள் என்ன வேற்றுக்கிரக வாசிகளா என்று இந்திய வம்சாவளிப் பெண்களும் கருப்பினப் பெண்களும் கேட்டார்கள். நூல்கடைக்குப் போனால் தங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் நிறைய பேர் சொன்னது, ‘மனசு லேசாகத்தான் பின்ன வருகிறோம், இங்கேயும் அரசியலா?’ கடைக்குள் நுழையும்போதே முறைத்துப் பார்க்கப்படுகிறவளுக்கு அது அரசியல் இல்லை, அன்றாடம்.

(பின்னலைக் கண்டு அதிகாரம் பயந்த கதைகள் பழசு. 1795 மே மாதம் பாரிஸில், ஐந்து பேருக்கு மேல் பெண்கள் தெருவில் கூடினால் கலைக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். மாநாட்டு மண்டபத்தில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து கூச்சல் போட்ட பெண்களும் அதோடு அடங்கினார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் தணிக்கைத் துறை, பின்னல் குறிப்புகளை வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பக்கூடாது என்று தடுத்தது. ரகசிய சங்கேதம் இருக்குமோ என்ற பயம்.)

அமெரிக்கா, பாரிஸ் வரை போனவனுக்கு வீட்டுப் பக்கத்தில் இருந்த கதை கடைசியில்தான் கண்ணில் பட்டது. கொருக்குப்பேட்டையிலிருந்து வியாசர்பாடி தாண்டினால் பெரம்பூர். அங்கே பி அண்ட் சி மில், அதாவது பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள். இப்ப அந்த இடத்தில் அடுக்குமாடிகள். எங்க தாத்தா அங்கே தறி ஓட்டியவர்.

மில் தொழிலாளிகள் சாயந்திரம் போய் உட்கார ஓர் இடம் இருந்தது. பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்திய வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை. பஜனை, சமயச் சொற்பொழிவு. சாமி பாட்டுக்கு நடுவில் ஆட்கள் மில் கஷ்டத்தையும் பேசினார்கள். சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம்தான், போய்ச் சாப்பிட்டுத் திரும்ப முடியவில்லை, மேஸ்திரி அடிக்கிறான், இந்த மாதிரி. பக்திச் சபையில் இது பேசலாமா என்று யாராவது போர்டு மாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். செல்வபதி செட்டியார் மாட்டவில்லை. மாறாக, சொற்பொழிவுக்கு வந்த ‘தேசபக்தன்’ ஆசிரியர் திரு.வி.க.வையும், அன்னி பெசன்ட்டோடு ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டிருந்த பி.பி. வாடியாவையும் இதற்குள் இழுத்துவந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று.

வாடியா ஹோம் ரூல் இயக்கத்தின் ஆள். ஆனால் சங்கத்துக்குள் அவர் பேச்சு ரொம்ப ஜாக்கிரதையானது. போர்க்காலம், மில்லில் நெய்வது பட்டாளத்துக்கான காக்கி. வேலைநிறுத்தம் செய்தால் கம்பெனிக்கு வரும் நஷ்டம் பற்றிக் கவலையில்லை, சிப்பாய்களுக்குத் துணி இல்லாமல் போகும், அதனால் வேண்டாம் என்று அவரே தடுத்தார். இடைவேளையைப் பத்து நிமிஷம் கூட்டச் சொன்னதுதான் முதல் கோரிக்கைகளில் ஒன்று. இவ்வளவு அடக்கமாக இருந்தும் கம்பெனி சொன்னது, ‘இவர் அரசியல்வாதி, வெளியாள், இவரோடு பேசமாட்டோம்.’ 1919-இல் வாஷிங்டனில் நடந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கு இந்தியத் தொழிலாளர் தரப்பில் என்.எம். ஜோஷியோடு ஆலோசகராகப் போய்வந்தார் வாடியா. அடுத்த வருஷமே, 1920 கதவடைப்பின்போது, கம்பெனி அவர் மீதும் சங்க நிர்வாகிகள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டக்கூடாது என்று தடை உத்தரவு, கூடவே பெரிய தொகை நஷ்டஈட்டுக் கோரிக்கை. இங்கிலாந்தில் 1906-லிருந்தே சங்கங்களுக்கு இருந்த பாதுகாப்பு இங்கே கிடையாது. 1921 தொடக்கத்தில் சமரசம் ஆனது. நிபந்தனை, வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டும். விலகினார்.

அன்றைக்கு மீட்டிங்கில் உட்கார்ந்து நான் பண்ணியதும் இதே மாதிரிதான் என்று சொன்னால் மிகைதான். ஆனால் ‘இங்கே அரசியல் கூடாது’ என்கிற வாக்கியம் கம்பெனியின் வாயிலும் என் வாயிலும் ஒரே மாதிரி ஒலிக்கிறது. எது அரசியல் என்று தீர்மானிப்பவன் இடத்தைக் கையில் வைத்திருப்பவன்.

சங்கத்தின் பக்கமும் ஒரு மௌனம் இருந்தது. சாதி. 1921 ஜூனில் பெரிய வேலைநிறுத்தம் வந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார், நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் வேலைநிறுத்தக்காரர்கள் பக்கம் நின்றார். அந்த மாதக் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடும் சாவுகளும் தொடர்ந்தன. அக்டோபரில் தொழிலாளர்கள் தோற்றுத் திரும்பினார்கள். கருங்காலிகள் என்று ஒற்றை வார்த்தையில் இதை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது. தறிக்கு முன்னால் எல்லாரும் சமம், அதனால் சேரிப் பேச்சு இங்கே வேண்டாம் என்றால், தறியை விட்டு வெளியே வந்ததும் சமமாக நடத்தப்படாதவன் எதை நம்பிப் பட்டினி கிடப்பான்? எங்க தாத்தா எந்தப் பக்கம் பேசினார் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அல்லது சொல்வதில்லை.

வாடியா வழக்கின் அதிர்ச்சியில் 1921 மார்ச்சில் அதே ஜோஷி, சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் விளைவு 1926 தொழிற்சங்கச் சட்டம். அதன் 18-ஆவது பிரிவு, வாடியா மேல் போட்டது போன்ற வழக்கிலிருந்து காப்பாற்றியது. முதலில் எழுதிய 22-ஆவது பிரிவின்படி நிர்வாகிகளில் பாதிப் பேர் அந்தத் தொழிலில் இருக்க வேண்டியிருந்தது. அப்படியென்றால் மீதிப் பாதி வெளியாளாக இருக்க முடிந்தது.

எனக்குப் பிடித்தது அந்தச் சட்டத்தில் இருந்த 16-ஆவது பிரிவு. அது சொன்னது இது: சங்கம் அரசியலுக்குச் செலவு செய்யலாம், ஆனால் அதற்குத் தனி நிதி வைக்க வேண்டும். அதில் பணம் போடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. போடாதவனுக்குச் சங்கத்தின் எந்தச் சலுகையையும் மறுக்கக்கூடாது. அந்த நிதியை நிர்வகிப்பதில் மட்டும் அவனுக்குப் பங்கு இல்லாமல் போகலாம். அதில் பணம் போட்டால்தான் உறுப்பினர் என்று நிபந்தனையும் கூடாது. இங்கிலாந்தின் 1913 சட்டத்தில் இருந்து எடுத்த யோசனை இது. அங்கே ஆஸ்போர்ன் என்ற ரயில்வே போர்ட்டர், தான் லிபரல், தன் சந்தா தொழிற்கட்சிக்குப் போகக்கூடாது என்று வழக்குப் போட்டு 1909-இல் ஜெயித்ததற்கு வந்த பதில். அரசியலை வெளியே துரத்தவும் இல்லை, எல்லார் தலையிலும் கட்டவும் இல்லை. தனிப் பை கொடுத்துவிட்டார்கள். எந்த ப்ராடக்ட் டீமும் இதைவிட நல்ல டிசைன் போட்டு நான் பார்த்ததில்லை. ராவெல்ரி பேட்டர்ன்களைத் திருப்பிக் கொடுத்தது இதில் பாதி. பேச்சுக்காகப் பொருளில் கை வைக்காதே என்ற பாதி.

ஆனால் கருப்பு சிவப்புக் கூடை எந்தப் பையில் போகும்? சட்டம் அதற்குப் பதில் சொல்லாது. காசுக்குப் பின்னிய கூடை அது, வாங்குகிறவருக்குக் கட்சி, பின்னுகிறவருக்குக் கூலி.

போன பொங்கலுக்கு அக்காவிடம் இதையெல்லாம் சொல்லி, ‘பொதுப் பேச்சு’ என்று தனியாக ஒரு குழு ஆரம்பித்தேன். விலை போட்ட எந்தக் கூடைப் படத்தையும், என்ன கலராக இருந்தாலும், பழைய குழுவில் யாரும் அழிக்கக்கூடாது என்று விதி. அழிக்கிற உரிமை இப்போது என்னிடம் மட்டும் இல்லை, அக்காவிடமும் இன்னும் ரெண்டு பேரிடமும் இருக்கிறது. புதுக் குழுவில் பதினோரு பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் குழம்புப் பொடியும் மெட்ரோ வேலையும்தான் பேசுகிறார்கள்.

அந்த அம்மாவுக்கு அக்கா மூலமாக லிங்க் அனுப்பினோம். அவர் ரெண்டிலும் சேரவில்லை. எம்.சி. ரோட்டில் ஒரு கடைக்கு மொத்தமாகப் பின்னிக் கொடுக்கிறாராம், கூடைக்கு இங்கே கிடைத்ததைவிடக் குறைவுதான் என்று அக்கா சொன்னாங்க.