தலையெழுத்தும் ரத்தமும்

'எல்லாம் தலையெழுத்து' என்று சொல்லி வாயடைக்கிற வேலையை இப்போது 'ஜீன்' என்கிற சொல் செய்துகொண்டிருக்கிறது. அரிவாள் செல் ரத்தசோகையின் வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும்.

1949இல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங் குழுவினர் இதை 'மூலக்கூறு நோய்' என்று அறிவித்தனர். கோளாறு ஹீமோகுளோபினில்; அது பெற்றோர் வழி வருவது. அங்கே இந்த நோயால் பெரிதும் அவதிப்பட்டவர்கள் கறுப்பின மக்கள். 1968இல் அதே பாலிங், இந்த ஜீனைச் சுமக்கும் இளைஞர்களின் நெற்றியில் பச்சை குத்தணும்னு எழுதினார். சமாதானத்துக்கும் நோபல் வாங்கியவர்! தலையெழுத்தை நிஜமாகவே தலையில் எழுதிவிடும் யோசனை.

ஆனால் 1948லேயே ஜேனட் வாட்சன் என்ற மருத்துவர் வேறொன்றைக் கவனித்திருந்தார். பிறந்த சிசுக்களின் ரத்தத்தில் அரிவாளாக வளையும் அணுக்கள் சொற்பம். காரணம், கருவில் ஓடுவது வேறு வகை ஹீமோகுளோபின். அது காப்பாத்துது. பிறந்த சில மாதங்களில் அதற்கான ஜீன் மூடப்படுகிறது, அழிவதில்லை. எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல அணு சிவப்பணுவாக முதிரும்போது எந்த ஜீன் பேசணும், எது வாயை மூடணும் என்பதில் டிஎன்ஏ மேல் ஒட்டும் மெதில் குறிகளுக்கும் அதைச் சுருட்டி வைக்கும் புரதங்களுக்கும் பங்குண்டு. எழுத்து ஒன்றுதான், வாசிப்பு மாறுகிறது.

மூடியதைத் திறக்க முடியுமா? 1982இல் மெதில் குறியைத் தடுக்கும் அசாசைட்டிடின் மருந்தை பபூன் குரங்குகளுக்குக் கொடுத்தார்கள். கரு ஹீமோகுளோபின் திரும்பி வந்தது. அதைப் பூட்டி வைப்பதில் பிசிஎல்11ஏ என்ற புரதத்துக்கு முக்கியப் பங்குண்டு என்று 2008இல் தெரிந்தது. மூல அணுவிலேயே அந்தப் பூட்டைத் தளர்த்தும் மரபணுச் சிகிச்சைக்கு 2023இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி தந்தன. அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர்.

இந்த நோய் ஆப்பிரிக்க வம்சாவளியினரோடு நிற்கவில்லை. நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த ஜீன் இருப்பதை 1952இல் லேமன், கட்புஷ் இருவரும் பதிவு செய்தனர். ரத்தம் எடுத்தாச்சு, கட்டுரையும் வந்தாச்சு. பிறகு? ஹைட்ராக்சியூரியா என்ற பழைய, விலை குறைந்த மருந்து கரு ஹீமோகுளோபினைக் கூட்டும். வலித் தாக்குதல்களைக் குறைக்கும் என்று 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த மருந்து மலைக்கு மாசா மாசம் தவறாம போய்ச் சேருதா என்பதை ஜீன் தீர்மானிப்பதில்லை. அரசும் ஆஸ்பத்திரியும் ரோடும்தான் தீர்மானிக்கின்றன.