நரம்பின் கணக்கும் வட்டத்தின் கணக்கும்

இழுத்துக் கட்டிய நரம்பொன்றை மீட்டினால் முழு நரம்பு மட்டுமா அதிர்கிறது? அதன் பாதியும், மூன்றிலொன்றும், நான்கிலொன்றும், ஐந்திலொன்றும் உடனதிர்ந்து அடிப்படை ஒலியின் இருமடங்கு, மும்மடங்கு எனக் கிளையொலிகளைப் பிறப்பிக்கின்றன. தம்பூராவின் மந்தர சட்ஜத்தை மட்டும் மீட்டும்போது யாரும் பாடாத அந்தர காந்தாரம் தானே எழுவதைச் செவிப்பயிற்சி உடையார் அறிவர். அது ஐந்தாவது கிளையொலி. இவ்வாறு இயற்கை தரும் விகிதங்கள் பஞ்சமத்துக்கு 3/2, மத்திமத்துக்கு 4/3, காந்தாரத்துக்கு 5/4 ஆகும்.

இவ்விகிதங்களே இந்திய இசையின் அடிப்படை என்று தேவலும், ஆங்கிலேய நீதிபதியாகிய கிளமெண்ட்ஸும் வாதிட்டனர். ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்பது அவர்கள் கொள்கை. அதன்படி அமைத்த ஆர்மோனியம் ஒன்றும் அவர்களிடம் இருந்தது. 1916ஆம் ஆண்டு பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் இக்கொள்கையை மறுத்து எழுந்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசையாராய்ச்சிக்கே செலவிட்டவர் அவர். தம் வீட்டுப் பெண்மக்களைப் பாடச் செய்தே கருத்தை நிறுவ முயன்றார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' அவ்வாதத்தின் விரிவு.

பண்டிதரின் மறுப்பு எளிமையானது, ஆயினும் கூர்மையானது. பழந்தமிழர் பன்னிரண்டு இராசிகளை வட்டமாக வைத்து, குரலிலிருந்து இளி, அதற்கு இளி என்று சென்று, தொடங்கிய இடத்துக்கே மீண்டனர். 3/2 என்ற விகிதத்தால் அப்படி மீள முடியாது. பன்னிரு முறை பெருக்கினால் 129.75 வருகிறது, ஏழு ஸ்தாயிகளுக்கோ 128தான் வேண்டும். இந்த மிச்சத்தை எங்கே போடுவது? வட்டம் மூட வேண்டுமாயின் பங்குகள் சமமாக வேண்டும். ஆகவே ஸ்தாயியை 24 சம அலகுகளாக்கி, இளியைப் பதினான்கில் நிறுத்தினார். சிலப்பதிகார உரையில் கூட்டினால் 22 வருகிறதே என்பார்க்கு, விளரியிலும் கைக்கிளையிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடிய முறை அது என்று விடையளித்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டிரண்டு அலகாக எடுத்தால் பண்டிதரின் கணக்கு மேனாட்டுப் பியானோவின் பன்னிரு சமப்பகுப்பே ஆகிறது. அந்தச் சமப்பகுப்பு செவிக்கு ஒவ்வாது என்று தனி ஆர்மோனியம் செய்வித்தவர் ஆங்கிலேயர். கணக்களவில் அதன் பக்கம் நின்றவர் தஞ்சைத் தமிழர்!

யார் சொன்னது சரி? ஸ்தாயியை 1200 கூறாக்கினால் நரம்பு தரும் பஞ்சமம் 702, சமப்பகுப்பில் 700. இவ்வேறுபாட்டைச் செவி பொறுக்கும். காந்தாரமோ 386, 400 எனப் பதினான்கு கூறு விலகுகிறது. தம்பூராவின் முன் அது நன்றாகவே தெரியும். பஞ்சம வழியே நான்கு முறை சென்று பெறும் காந்தாரம் 408. இதற்கும் இயற்கைக் காந்தாரத்துக்கும் இடையிலுள்ள 81/80 என்ற சிறு இடைவெளிதான் இவ்வழக்கு முழுவதற்கும் வேர். குரலை மாற்றி மாற்றிப் புதுப்பாலைகள் பிறப்பிக்கும் முறைக்குப் பண்டிதரின் வட்டம் பொருந்துகிறது. நிலைத்த ஆதார சுருதியோடு பாடும் தொண்டைக்கு அது போதாது என்பதே என் துணிபு.

1919இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் அதே சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொண்டு நரம்பின் விகிதங்களுக்கே திரும்பியவர் ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அறிவியலும் கணிதமும் கற்ற துறவி அவர். அவர் கணக்கில் அலகு மீண்டும் 22 ஆயிற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடான 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகளும் மறைந்தார். ஒரே நூலிலிருந்து இரு கணக்குகளை எடுத்த இவ்விருவரும் நேரில் வாதிட வாய்ப்பே நேரவில்லை.